மூன்று தட்டும் கை

கருங்கல் சந்தைக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை எனக்கு.
ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவர்.
வரிச்சட்டை, ஜன்னல் திரையில் தைத்தது.
பூட்டிக்கிடந்த முந்திரி ஆலையின் பின்முற்றத்தில்
கயிற்றுக்குப் பதில் முள்கம்பி கட்டிய மேடை.
உடைந்த டியூப்லைட், நசுங்கிய தகரம்
எல்லாம் நோட்டில் இருக்கிறது.
நாற்காலி ஒன்றுக்கு முந்நூற்றைம்பது,
பந்தல்காரர் ஒருநாளும் மறந்ததில்லை.

பட்டத்துக்கு ஒரே சட்டம்:
எங்கேயும், எந்நேரமும்.
எதிராளியின் இரண்டு தோளும் தரையில் பட
என் கை மூன்று தட்ட வேண்டும்.
ஆகவே சாம்பியன் போன இடமெல்லாம்
கல்யாணம், மரணவீடு, ரேஷன் வரிசை
நானும் போனேன்.

முதல் ஆள் ஞானசிகாமணி.
நெற்றி முழுக்க வரிவரியாய்த் தழும்பு,
பால்வெட்டிய ரப்பர் மரம்போல.
கூட்டம் கத்தக் கத்த
தலையைத் தானே சாய்த்துக் கொடுப்பான்.
கீழே சிரட்டை வைத்தால் நிறையும் என்பார்கள்.
தையல் போடும் கம்பவுண்டருக்கு
முன்வரிசையில் இலவச இருக்கை.

செல்லசுவாமி பதினோரு நிமிடம்.
ஜெயித்த கையோடு சவரத்துக்கு உட்கார்ந்தான்.
ஒரு கன்னத்தில் நுரை.
நாற்காலியைச் சாய்த்த வின்சென்ட்
கத்தியை மடித்து வைத்துவிட்டு
மேலேயே ஏறிப் படுத்துவிட்டார்.
சாய்த்த நாற்காலி தரையா ஓய் என்று
இன்றைக்கும் வழக்குக்கு வருகிறான்.
தரைதான் என்றேன்.
தோள் படுகிற இடமெல்லாம் தரை.
அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

கிரேஸ்மலர் முந்திரி தல்லுகிறவள்.
தொடுவெட்டி பஸ்ஸில், நிற்க இடமில்லாத நெரிசலில்
வின்சென்டைப் படிக்கட்டோரம் மடக்கினாள்.
மூன்றாவது தட்டுக்குக் கண்டக்டர் விசில் ஊதினார்.
பதிவேட்டில் பெருவிரலை அழுத்தினாள்.
ஒரு ரேகையும் விழவில்லை.
முந்திரி எண்ணெய் எல்லாவற்றையும் தின்றிருந்தது,
ஒரு கருப்பு வட்டம் மட்டும்.
அதைவிடத் தெளிவான கையெழுத்து
என் கடைக்கு வந்ததில்லை.

அவளிடமிருந்து எடுத்தவர்
பூத்துறை தத்தேயூஸ்.
வாவுபலி பொருட்காட்சியில், ராட்டினத்துக்குக் கீழே,
டெல்லி அப்பளக் கடையின் தட்டி சரிய,
முதுகில் ஏழு தையலோடு.
பட்டம் என்றால் வேறொன்றுமில்லை,
லாரி வாரில் அறைந்த பிஸ்கட் டின் மூடி.
உப்புப் பட்டால் துரு ஏறும் என்று
அதை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு
சுறாவுக்குப் போனார்.
நீயும் ஏறு ஓய், சட்டம் அப்படித்தானே என்றார்.
எனக்குக் கடல் குமட்டும்.
கரையில் நின்று கை மட்டும் காட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் காற்று வந்தது.

அதற்கப்புறம்
ஆபீஸ்காரர்கள் பாரம் கொண்டுவந்தார்கள்.
என் கடையில்தான் நகல் எடுத்தார்கள்,
ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
காணவில்லை என்பதற்கு ஒரு கட்டம்,
மற்றதற்கு ஒரு கட்டம்.
என் நோட்டில் அப்படிக் கட்டமில்லை.
தோள் எங்கே பட்டது, யார் பார்த்தது,
யார் தட்டியது?
ஐந்நூறு நாள் தாண்டியதும்
மேடையின் பலகையைக் கோழிக்கூட்டுக்கு விற்றார்கள்.
சாம்பியன் பெயரை நான் அடிக்கவில்லை.

போன மாதம் றோஸ்லின் வந்தாள்.
கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே வார்.
கடைக்குப் பின்னால் மணல் கொட்டியிருந்தது,
யாரோ வீடு கட்ட.
தகரத்தை மல்லாக்க வைத்து
முழங்கையால் அமுக்கிக்கொண்டு
எண்ணும் என்றாள்.

நான் வரிச்சட்டை போட்டிருக்கவில்லை.
ஒன்று தட்டினேன்.
மணலுக்குச் சத்தமில்லை.
இரண்டு.
கை மேலே போய்
அங்கேயே நின்றது என்று நினைக்கிறேன்,
இல்லை, இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவள்தான் எடுத்தாள், முழங்கையை.
தோள் தூக்கியாச்சு, பாத்தீரா என்றாள்.
பார்த்தேன் என்றேன்.
தகரத்தில் ஒட்டிய மணலை முந்தானையில் துடைத்து
உறையில் போட்டு
ஆதார் அட்டைக்கு இரண்டு நகல் கேட்டாள்.
நான் காசு வாங்கவில்லை.
அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்,
நாலு ரூபாய்.